நின்றபடியே வந்த டிரில்லிங் மிஷின்

அனுப்பர்பாளையம்
8-8-2005

அன்புள்ள மாப்பிள்ளை குமரனுக்கு உன் தாய்மாமன் லிங்கசாமி எழுதும் கடிதம். நான், உன் அத்தை சுப்பாத்தாள், அவளுடைய முழங்கால் வலி, மூவரும் சௌக்கியம். நீ அந்த ஜோர்டான் ரொட்டியை மென்று இன்னும் பல்லோடு இருப்பாய் என்று நம்புகிறேன்.

மாப்பிள்ளை, இதற்கு மேல் வரப்போவதை உலகத்தில் ஒருவரும் நம்பப் போவதில்லை. முருகன் மேல் ஆணையாக முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உன் அத்தைக்குப் படித்துக் காட்டினேன். பாதியில் எழுந்து போய்க் கோழிக்குத் தீனி வைத்தாள்.

பரதேசத்தில் தையல் மிஷின் ரிப்பேர் பார்த்தது போதும், வீட்டோடு ஒரு சின்னப் பட்டறை போடப் போகிறேன், பழைய காலத்து டிரில்லிங் மிஷின் ஒன்று பாருங்கள் என்று எழுதியிருந்தாய். அன்றைக்கே புறப்பட்டேன். அருள்புரத்திலிருந்து அவிநாசி வரை நான் மூக்கைப் பிடித்துக்கொண்டு நுழையாத பழைய இரும்புக் கடை கிடையாது. ஒருத்தன் ஒரு மிஷினைக் காட்டினான். அது செத்துப் பதினாறாம் நாள் காரியமும் முடிந்திருந்தது. இன்னொருத்தன் புதுச் சீனா மிஷினைத் துணி போட்டு மூடி வைத்து, கல்யாணப் பெண்ணைக் காட்டுவது மாதிரி திறந்தான். அதில் பப்படத்துக்கு ஓட்டை போடலாம், பப்படம் பழசாக இருந்தால்.

கடைசியில் அகப்பட்ட இடம் நம் அடுத்த தெரு! பழனாத்தாள் வீட்டுப் பாத்திரப் பட்டறை. அவள் வீட்டுக்காரர் காலமான பிறகு இரண்டு வருஷமாகப் பூட்டிக் கிடக்கிறது. கதவைத் திறந்ததும் நான் செருப்பைக் கழற்றிவிட்டேன். என்ன உயரம், என்ன கம்பீரம்! நம் ஊர்த் தேர் எதிரே வந்தால் ஒதுங்கி வழிவிடும். லண்டன் ராஜா கிரீடத்துக்கு ஓட்டை போட்ட மிஷின் இதுதான் என்பது என் துணிபு.

ஒரு சங்கதி. அந்த மனுஷன் ஒவ்வோர் ஆயுத பூஜைக்கும் மிஷினுக்குச் சந்தனம் பூசுவாராம்; பூசியதைத் துடைப்பது பாவமாம். முப்பத்து மூன்று வருஷத்துச் சந்தனம். அடியில் இரும்பு இருக்கிறது என்பதே ஒரு நம்பிக்கைதான்.

இப்படிக்கு,
லிங்கசாமி (டிரில்லிங் மிஷின் கண்ட மாமன்)

---

இர்பித், ஜோர்டான்
29-8-2005

மாமாவுக்கு குமரன் வணக்கம். நான் நலம். அத்தையின் முழங்காலுக்கு இங்கே கிடைக்கும் ஒரு தைலத்தை ஊருக்கு வருகிறவர் யாரிடமாவது கொடுத்து அனுப்புகிறேன். ரொட்டி நன்றாகத்தான் இருக்கிறது.

லண்டன் ராஜாவை விடுங்கள் மாமா. மிஷினின் பெயர்த் தகட்டில் என்ன எழுதியிருக்கிறது? துளைக்கும் ஊசியைக் கவ்வுகிற சக்கில் ஒரு கம்பியை வளைத்துப் பிடித்து, கையால் சுற்றி, மேஜையின் நாலு பக்கமும் ஒரே மாதிரி உரசுகிறதா என்று பாருங்கள். உரசினால் வாங்குங்கள். இல்லாவிட்டால் தேரும் வேண்டாம், திருவிழாவும் வேண்டாம்.

நான் எதற்கு இத்தனை கறார் என்று சொல்லிவிடுகிறேன். இங்கே என் காண்டிராக்ட் முடிகிறது. இன்னும் இரண்டு வருஷத்துக்குக் கையெழுத்துப் போடச் சொல்கிறார்கள். பிப்ரவரி 20 கடைசி நாள். மண்ணரையில் ஒரு கம்பெனிக்காரர் மாசியிலிருந்து ஃபோல்டர் வேலை முழுவதும் எனக்கே தருவதாகச் சொல்லியிருக்கிறார். துணி ஓரத்தை மடித்து ஊசிக்குக் கொடுக்கிற அந்தச் சின்னத் தகரக் கருவிதான். அதில் துளை ஒரு மயிரிழை தள்ளினாலும் பனியன் கை கோணிக்கொள்ளும். அதனால் மிஷின் வீட்டில் நின்று ஓடுகிறது என்று தெரிந்தால் கையெழுத்துப் போடாமல் வந்துவிடுவேன். தெரியாவிட்டால் போட்டுவிடுவேன்.

என் பெண்டாட்டி சண்முகப்பிரியாவிடம் இதைச் சொல்லாதீர்கள். போன தடவையும் வருகிறேன் என்று அவளிடம் சொல்லிவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டேன். அவளிடம் இரண்டாவது தடவை அந்தப் பொய்யைச் சொல்ல என்னால் ஆகாது. போன் அவள் இருக்கும் வீட்டில்தான் இருக்கிறது; பேசினால் அவள் காதில் விழும் என்றுதான் கடிதம்.

அன்புடன்,
குமரன்

---

அனுப்பர்பாளையம்
16-9-2005

மருமகப் பிள்ளைக்கு மாமன் ஆசீர்வாதம். இங்கு அனைவரும் நலம்; முழங்கால் மட்டும் தைலத்துக்காகக் காத்திருக்கிறது. கடிதம் என்று நீ முடிவு செய்தது நல்லதே. போனில் நாலு நிமிஷத்துக்குள் என் பெருமை அடங்காது.

தகட்டைப் படிக்கச் சொன்னாய். சந்தனத்தைச் சுரண்டக் கத்தியை எடுத்தேன். பழனாத்தாள் கதவோரம் நின்று, "ஏனுங்ணா, சாமி மொகத்துல கத்தி வெப்பீங்களா?" என்றாள். கத்தியை எடுத்துப் பாக்கு வெட்டிக்கொண்டேன்.

உன் கம்பி வித்தையையும் செய்து பார்த்தேன். நாலு பக்கமும் ஒரே உரசல். முப்பத்தெட்டு வருஷம் பனியன் கம்பெனிகளில் ஃபிட்டராக இருந்தவனுக்கு, ஊசி மாற்றுகிற பயல் பாடம் எடுக்கிறான்! காலத்தின் கோலத்தைப் பொறுத்துக்கொண்டேன்.

பேசி முடித்தாயிற்று. இந்த ஆயுத பூஜைக்கு அவளே ஒரு தடவை சந்தனம் பூசிவிட்டுத்தான் தருவாளாம். பேசும்போது அந்தப் பட்டறையில் வேலை செய்த அங்கமுத்து என்கிறவன் உட்கார்ந்திருந்தான். பித்தளைச் சட்டிக்கு மூக்கு ஒட்டுகிற ஆசாமி. "இத எடுத்துட்டுப் போறதுக்கு ஒரு பக்குவம் இருக்குதுங்ணா," என்று ஆரம்பித்தான். "நீ அண்டா குண்டாவப் பாரப்பா," என்றேன். உலகத்தில் எவனெவனுக்கு மிஷினைப் பற்றி வாய் திறக்கலாம் என்று ஒரு வரைமுறை வேண்டாமா?

இப்படிக்கு,
லிங்கசாமி (விலை பேசி வென்ற மாமன்)

---

இர்பித்
1-10-2005

மாமாவுக்கு வணக்கம். நலம். எல்லோர் நலனும் அறிய விரும்புகிறேன்.

ரொம்ப சந்தோஷம் மாமா. ஒன்றே ஒன்று. மிஷினுக்கு எடையெல்லாம் தலையில். மோட்டாரையும் தலையையும் கழற்றித் தனியாக எடுங்கள். தூணை வைக்கோல் மேல் படுக்க வைத்துக் கட்டுங்கள். நிற்க வைத்து மட்டும் கொண்டுவர வேண்டாம். இந்த வரியை அத்தையிடமும் படித்துக் காட்டுங்கள்.

குமரன்

---

அனுப்பர்பாளையம்
4-11-2005

குமரனுக்கு மாமன் எழுதுவது. சுகம்.

இங்கே மழை. மழை என்று சொன்னால் உனக்குப் புரியாது. நீ இருப்பது பாலைவனம். நொய்யல் ஆறு சாயத்தண்ணியை விட்டுவிட்டு நிஜத் தண்ணீரில் ஓடுகிறது. வெட்கத்தில் கலங்கியிருக்கிறது. எக்ஸ்போர்ட் முதலாளிகள் காரைத் தள்ளிக்கொண்டு போகிறார்கள். கண்ணுக்குக் குளிர்ச்சியாக இருந்தது. கறிவேப்பிலை விலை ஏறிவிட்டது. பக்கத்து வீட்டு ராமாத்தாள் மகளுக்கு ஆண் குழந்தை. மழையில் பிறந்ததால் தவளை மாதிரி கத்துகிறது. தீபாவளிக்கு வெடித்த ஒரே வெடி எங்கள் தெரு டிரான்ஸ்ஃபார்மர்தான்.

மிஷின் பழனாத்தாள் வீட்டிலிருந்து கிளம்பிவிட்டது.

மற்றபடி விசேஷமில்லை.

லிங்கசாமி

---

இர்பித்
22-11-2005

மாமாவுக்கு வணக்கம். நான் நலம். நீங்கள் நலம்தானா?

இரண்டு பக்கத்துக்கு மழை எழுதியிருக்கிறீர்கள். கிளம்பியது, சரி. வந்து சேர்ந்ததா? பெயருக்குப் பின்னால் அடைப்புக்குறி போட்டு ஒரு பட்டம்கூடச் சூட்டிக்கொள்ளவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

சூப்பர்வைசர் தினமும் அந்தத் தாளைக் காட்டுகிறார்.

குமரன்

---

அனுப்பர்பாளையம்
14-12-2005

அருமை மாப்பிள்ளைக்கு, மாமன் முழு ஆரோக்கியத்துடன் எழுதும் கடிதம். உன் சந்தேக புத்தி உன் அப்பன் வழியில் வந்தது. எங்கள் பக்கத்தில் யாருக்கும் இல்லை.

மிஷின் வந்ததா என்றா கேட்கிறாய்? வந்த வரலாற்றைக் கேள். டெம்போ பழனாத்தாள் வீட்டு வாசலில் நின்றது. எட்டுப் பேர் தூக்கினார்கள். அதில் நாலு பேர் பயில்வான்கள், மீதி நாலு பேர் பயில்வான்களைத் தூக்கினார்கள். படுக்க வைக்கலாம் என்றுதான் நான் நினைத்தேன். பழனாத்தாள் குறுக்கே விழுந்து, "பொணமுங்களா, படுக்கப் போட்டுத் தூக்கறதுக்கு?" என்று கேட்டுவிட்டாள். சாமியை எப்படிப் படுக்க வைப்பது? மாலையும் கழுத்துமாக நிற்க வைத்தோம். நான் பக்கத்தில் குடை பிடித்தேன். ஊரே திரண்டது. பின்னலாடைக் கம்பெனிகள் ஷிப்டை நிறுத்தின. பனியன் வாங்க வந்த ஒரு வெள்ளைக்கார பையர் இறங்கி வந்து கும்பிட்டான்.

அடுத்த தெருதான்; ஆனால் நடுவில் இருக்கிற சர்வீஸ் ரோடு முழுக்க மழைத் தண்ணீர், வண்டிக்கு வழியில்லை. ஆகவே ரயில்வே கீழ்ப்பாலம் வழியாகச் சுற்றினோம். மேலே போன ரயில் மரியாதைக்காக நின்றது. பாலத்துக்குத்தான் மரியாதை தெரியவில்லை. வெள்ளைக்காரன் கட்டியது, குனியத் தெரியாமல் விறைத்துக்கொண்டு நின்றது. மிஷினைத் தொட்டுப் பார்க்க ஆசைப்பட்டது போலும். தொட்டது. சேதம் பாலத்துக்குத்தான் அதிகம்.

இப்போது மிஷின் நம் வீட்டுக் கொட்டகையில் ஓய்வில் இருக்கிறது. பெரிய மனுஷர்கள் பிரயாணம் செய்தால் ஓய்வு எடுப்பார்கள். நாளன்றைக்கு மார்கழி பிறக்கிறது. மார்கழியில் புது மிஷின் ஓட்டுகிறவன் ரௌரவ நரகத்துக்குப் போவான். ஆக, அவசரப்படாதே.

இப்படிக்கு,
லிங்கசாமி (ஊர்வலம் நடத்திய மாமன்)

---

அனுப்பர்பாளையம்
2-1-2006

கண்ணு குமரனுக்கு அத்தை எழுதறது. தைலம் வந்துச்சு சாமி. தேய்ச்சேன், தேவலை.

உங்க மாமா எழுதறதப் பூராவும் எனக்குப் படிச்சுக் காட்டுவாங்க. போன கடுதாசிய மட்டும் படிச்சுக் காட்டல. அதான் நான் எழுதறேன்.

மிஷின் பாலத்துல இடிச்சுருச்சு கண்ணு. நிக்க வெச்சுத்தான் கொண்டாந்தாங்க. தல ஒரு பக்கம் சாஞ்சு, தூணக் கவ்விப் புடிக்கற கழுத்து ரெண்டாப் பொளந்துருச்சு. கெளம்பறப்பப் பழனாத்தாக்கா முந்தானைய வாயில வெச்சுட்டு வாசல்ல நின்னாங்க. அப்பவே அங்கமுத்து வைக்கோலக் கொண்டாந்து, "படுக்கப் போட்டுக்கலாமுங்ணா"ன்னு நின்னாப்புல. உங்க மாமாதான் "பொணமாடா அது?"ன்னு அவரப் பேசி முடுக்கி உட்டாங்க.

சந்தனம் உதுந்து பேரும் தெரிஞ்சுருச்சு. பஞ்சாபுல செஞ்சதாம்.

வெல்டிங்காரனக் கூட்டியாந்து ஒட்ட வெச்சாங்க. விடிஞ்சு பாத்தா டப்புன்னு மறுபடியும் விட்டுக் கெடக்குது. ரெண்டு தரம் அப்படியே ஆச்சு. ஒரு மாசமா உங்க மாமா ஊட்டுல யாருகிட்டயும் பேசறதில்ல. என்னத் திட்டறதுகூட இல்ல, அதான் எனக்குப் பயமாருக்குது. கொட்டாய்க்குள்ளயே உக்காந்திருக்கறாங்க.

பிரியா பொங்கச் சீருக்கு அவ அம்மா ஊட்டுக்குப் போறதுக்கு முன்ன வந்துட்டுப் போனா. நான் ஒண்ணும் சொல்லல. நீ கையெழுத்துப் போடறதுன்னாப் போடு சாமி. ஓடாத மிஷின நம்பி வந்தறாத.

அத்தை சுப்பாத்தாள்

---

இர்பித்
19-1-2006

மாமாவுக்கு வணக்கம். நலம். நீங்களும் மிஷினும் நலமாக இருக்க வேண்டுகிறேன்.

கழுத்து வலி எப்படி இருக்கிறது? உங்களுக்கு இல்லை.

அத்தையைத் திட்டாதீர்கள். நானும் உங்களைத் திட்டப் போவதில்லை. ஐந்து நாள் யோசித்துத் திட்டுவதற்கு நல்ல வார்த்தைகள் வைத்திருந்தேன். பிறகு அந்தப் பாலத்தை நினைத்துச் சிரித்துவிட்டேன். எனக்கே என் மேல் கோபம்.

தாள் என் தலையணைக்கு அடியில் இருக்கிறது. பிப்ரவரி 20. நீங்கள் இதுவரை எனக்கு ஐந்தாறு மாதத்தில் ஒரு நிஜமான வரி எழுதவில்லை. இன்னும் ஒரு கடிதத்துக்கு நேரம் இருக்கிறது. எத்தனை பக்கம் வேண்டுமானாலும் எழுதுங்கள், எத்தனை ராஜாக்களை வேண்டுமானாலும் கூட்டி வாருங்கள். அதற்குள் ஒரே ஒரு வரி நிஜமாக இருக்கட்டும். அது எது என்று மட்டும் சொல்லிவிடுங்கள். அதைப் படித்துத்தான் கையெழுத்துப் போடுவேன், அல்லது போடாமல் இருப்பேன். மிஷின் ஓடவில்லை என்று எழுதினாலும் சரி.

குமரன்

---

அனுப்பர்பாளையம்
4-2-2006

மாப்பிள்ளை குமரனுக்கு, ஒற்றர்கள் நிறைந்த வீட்டில் வசிக்கும் மாமன் எழுதுவது. உன் அத்தைக்கு முழங்கால் நன்றாகிவிட்டது. தபால் ஆபீஸ் வரை நடக்கிற அளவுக்கு! அந்தத் தைலத்தை அனுப்பியவனை நான் மன்னிக்க மாட்டேன்.

ஐந்து நாள் யோசித்து மாமனைத் திட்ட வார்த்தை சேர்த்தாயாம். நான் எனக்கே சொல்லிக்கொண்டதில் பாதிகூட உனக்குத் தெரியாது. நீ ஜோர்டானில் கற்றது அவ்வளவுதான்.

சரி, கேள். தை பிறந்து நாலாம் நாள் அங்கமுத்து கொட்டகைக்குள் வந்தான். நான் கூப்பிடவில்லை. கூப்பிட்டால் என் முப்பத்தெட்டு வருஷம் என்ன ஆவது? அவனே வந்து, உடைந்த கழுத்தைத் தடவிப் பார்த்து, "வெல்டிங் வெச்சது எந்தப் புத்திசாலிங்க?" என்றான். நான் உத்தரத்தில் பல்லியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"வார்ப்பு இரும்புங்ணா. மின்னல் மாதிரி ஒரே எடத்துல சூடு வெச்சா வெடிக்காம என்ன பண்ணும்? பித்தளைல ஒட்டோணும்."

"சட்டியாடா இது?"

"சட்டி ஒழுகக் கூடாதுங்ணா. இது ஒழுகுனா ஒண்ணுமில்ல. சட்டியவிட லேசு."

என் வாழ்நாளில் இப்படி ஓர் அவமானம் கிடையாது. கரி அடுப்பு மூட்டினான். அந்தச் சூட்டில் இங்கிருந்து பல்லடம் வரை எல்லாப் பனியனும் இஸ்திரி போட்டது மாதிரி விறைத்துக்கொண்டன. சூரியன் ஒரு நிமிஷம் வேலையை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தது. பித்தளைக் கம்பியை உருக்கி விரிசலில் ஓட்டினான். பழனாத்தாள் கேள்விப்பட்டு, பட்டறையில் மிச்சமிருந்த பித்தளை முழுவதையும் முந்தானையில் கட்டிக்கொண்டு வந்து கொட்டினாள். "ஏனுங்ணா, நானாப் படுக்கப் போட வேண்டாமுன்னேன்?" என்று ஒரு வார்த்தை கேட்டாள்; உனக்கு எழுதிய கதையை ஊரிலும் சொல்லியிருந்தேன். அடுப்புப் புகை என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

ஒட்டியதை இரண்டு நாள் சாம்பலுக்குள் புதைத்து வைக்க வேண்டும், மெதுவாக ஆற வேண்டும் என்றான். நான் சாம்பலுக்குக் காவல் உட்கார்ந்தேன். மூன்று புலிகள் வந்தன, திட்டி அனுப்பினேன். மூன்றாம் நாள் எடுத்தோம். மிஷின் கழுத்தில் இப்போது தங்க அட்டிகை மாதிரி ஒரு பித்தளைப் பட்டை. உன் அத்தைக்கு நான் போடாத நகை. அங்கமுத்துவுக்குக் கூலி கொடுக்கப் போனேன். "வேண்டாமுங்ணா, இனிமே என்னப் பாத்தா அண்டா குண்டான்னு சொல்லாம இருந்தாச் செரி," என்றான். என்ன திமிர் பார். ஒப்புக்கொண்டேன். அவன் போன பிறகு ஒரு தடவை மெதுவாகச் சொல்லிப் பார்த்தேன், ருசியே இல்லை.

பிறகு தலையை ஏற்றினோம். பெல்ட்டைப் போட்டோம். சுவிட்சைப் போட எனக்குக் கை வரவில்லை. அது வேறு கதை. உன் அத்தைதான் விளக்குமாற்றைக் கீழே போட்டுவிட்டு வந்து சுவிட்சைத் தட்டினாள். மிஷின் கர்ஜித்த கர்ஜனையில் ரயில்வே கீழ்ப்பாலம் இரண்டடி உயரமாகிவிட்டது. இனி எந்தச் சாமியும் நின்றபடியே போகலாம்.

இப்போது நீ கேட்ட விஷயம். மேலே உள்ளதை இரண்டு தடவை படித்துப் பார்த்தேன். எந்த வரிக்குக் கீழே கோடு போடுவது என்று பேனாவை வைத்துக்கொண்டு அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். எதற்கும் போட முடியவில்லை. என் எழுத்தை நானே நம்புவதில்லை, நீ எப்படி நம்புவாய்? ஆகவே கவரைக் கவிழ்த்து உதறு. ஒரு தகரத் துண்டு விழும். நேற்றுக் காலை பதினொரு மணிக்கு மிஷினில் வைத்து நானே போட்ட துளை அதில் இருக்கிறது. ஜன்னல் பக்கம் பிடித்துப் பார். உன்னிடம் இருக்கிற அளவுக் கருவியை எல்லாம் வைத்துப் பார், நான் ஒன்றும் நினைத்துக்கொள்ள மாட்டேன்.

மற்றதெல்லாம் போகட்டும் மாப்பிள்ளை. அந்தத் துளை நிஜம்.

லிங்கசாமி